ஜெனிட்டா போட்ட சிவப்பு வட்டம்

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருக்கிற ஃப்ளெக்ஸ் கடையில் நான் மெஷின் ஓட்டுகிறவன். பெயர் எல்லப்பன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டிசைன் போடுவது ஜெனிட்டா. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரிக்கெட் டோர்னமென்ட், கண்ணீர் அஞ்சலி என்று இந்தப் பக்கத்து பேனர்களில் சிரித்துக்கொண்டிருக்கும் முகங்களில் முக்கால்வாசி அவள் கையைத் தாண்டி வந்தவைதான். அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிட்டால் ஆள் கிடையாது. அவளோடு தினமும் சண்டை போட்டு, தினமும் டீயும் குடிக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

அவள் ஊர் புதுப்பட்டினம். அப்பா ஜெரோம், கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒப்பந்தத்தில் தோட்ட வேலை பார்க்கிறார். அவருக்கு முந்தின தலைமுறை வரைக்கும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டு, அடுத்தவன் களத்தில் நெல் தூற்றிய குடும்பம். இவள் செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் போய் வந்து பி.காம். முடித்தாள், அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போட்டோ வேலை கற்றுக்கொண்டாள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கஸ்டமர் அசிங்கமாகப் பேசினால் மானிட்டரை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். எங்கள் முதலாளி திருவேங்கடம் அவளைத் திட்டவும் பயப்படுவார், விடவும் பயப்படுவார்.

வேலை தெரிந்தவள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேனர் என்றால் அடியில் மாமன், மச்சான், சித்தப்பா, நண்பர்கள் என்று ஒரு வரிசை முகம் வேண்டும், ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் ஒரு வளையம் வேண்டும். அவளுக்கு முன்னால் இருந்த ஆள் வட்டம் போட்டால் அது அடைத்துக்கொண்டு முழுசாக விழும், கீழே இருக்கும் முகம் மறைந்துபோகும். அப்புறம் உட்கார்ந்து நடுவில் சுரண்டிக்கொண்டிருப்பான். ஜெனி அப்படிச் செய்ய மாட்டாள். உள்ளே நிறம் வேண்டாம், ஓரத்தில் கோடு மட்டும் போதும் என்று முதலிலேயே வைத்துவிட்டு இழுப்பாள். வளையம் மட்டும் வந்து உட்காரும். நடுவில் கண்ணாடி மாதிரி முகம் தெரியும். அதைத் தனியாக நகர்த்தலாம், பெரிதாக்கலாம், கோட்டைத் தடிப்பாக்கலாம், அடியில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் எங்கள் தொழிலில் முகத்தை அப்படியே விட்டுவைப்பதும் கிடையாது. வருகிற ஒவ்வொருத்தரும் குனிந்து மெதுவாக ஒன்று சொல்வார்கள். "கொஞ்சம் கலரா போடும்மா." பெற்ற தாய் சொல்வாள், மாப்பிள்ளையே சொல்வான், செத்தவருக்கு அஞ்சலி போட வந்த பிள்ளையும் சொல்வான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஜெனி அந்த வேலை மொத்தத்தையும் கீபோர்டில் ஒரே சாவியில் ஏற்றி வைத்துவிட்டாள். சாவியை அமுக்கினால் முகம் வெளுக்கும், துணி பளிச்சென்று ஆகும், பின்னால் இருப்பதெல்லாம் மங்கிவிடும். கேட்காதவர்களுக்கும் அமுக்குவாள். போட்டோ உள்ளே வந்தால் கை தானாக அங்கே போய்விடும்.

இத்தனைக்கும் அவளே நல்ல கறுப்பு. ஒருமுறை கூடுவாஞ்சேரியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஏதோ ஒரு ஸ்டுடியோவில் எடுத்து வெளுத்துக் கொடுத்த படத்தைத்தான் அவர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "போட்டோல இருந்த பொண்ணு எங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். இதை டீக்கடையில் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்புறமும் நீ எல்லாரையும் வெள்ளையடிச்சுகினு கீறியேம்மா" என்றேன். "கஸ்டமரு கேக்கறான், நான் போடறேன். ஊரத் திருத்த நான் இன்னா சாமியாரா அண்ணாத்த?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

இந்த வருஷம் காணும் பொங்கலன்று நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு மாமல்லபுரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரை வரைக்கும் தலைதான். வேன், டிராக்டர், லோடு வண்டி என்று கிடைத்ததில் ஏறி மாவட்டமே வந்து இறங்கியிருந்தது. முதலாளி மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் டோர்னமென்ட்டுக்கு பேனர் தர வேண்டியிருந்ததால் நானும் ஜெனியும் கடையைத் திறந்து வைத்திருந்தோம். பண்டிகை நாளில் மெஷின் ஓட்ட வைத்துவிட்டார்களே என்று நான் கடுப்பில் இருந்தேன்.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் ஒரு பெண் செருப்பில்லாமல் கடைக்குள் ஓடிவந்தாள். பின்னாலேயே அவள் புருஷன். அவள் பெயர் பிரபா, அவன் மோகன். அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு கிராமம், அவன் சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறான். உறவுக்காரர்களையெல்லாம் அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கடற்கரையில் சாப்பாட்டுக் கூடையைப் பிரிக்கிற நேரத்தில் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை.

"பேரு பூமிகா. பாப்பான்னுதான் கூப்புடுவோம்" என்றாள் பிரபா. மூச்சு வாங்கியது. "அவளுக்கு இன்னும் பேச்சு வரலக்கா. கூப்ட்டா திரும்பிப் பாப்பா, ஆனா பேரு கேட்டா சொல்ல மாட்டா. அயுவக்கூட மாட்டா."

பேசுகிற குழந்தை தொலைந்தால் யாராவது அப்பன் பெயரைக் கேட்டு மைக்கில் சொல்லிவிடுவார்கள். இது எங்கே நின்றாலும் யாருக்கும் எதுவும் தெரியாது. கூட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்குப் போலீஸ்காரர்கள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். இவளுக்கும் கட்டியிருக்கிறார்கள். கையில் எது இருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது, பிய்த்துப் போட்டுவிட்டாள். அந்தப் பட்டை பிரபாவின் உள்ளங்கையில் கசங்கிக் கிடந்தது.

எங்கள் ஊரில் படகு ஓட்டுகிற பாலாதான் அவர்களை இங்கே அனுப்பியிருந்தான். போலீஸிடம் சொல்லியாயிற்று, மைக்கிலும் சொல்லியாயிற்று, ஜெனியிடம் போட்டோ போட்டு வாங்கிக்கொடுங்கள், ஊர்க்காரர்கள் குரூப் எல்லாவற்றிலும் நான் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

"போட்டோ கீதாண்ணா?" என்றாள் ஜெனி.

மோகன் போனை நீட்டினான். காலையில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே எடுத்த குடும்பப் படம். ஓரத்தில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது குழந்தை. ஜெனி ஒயரை மாட்டிப் படத்தை ஏற்றினாள். குழந்தையை மட்டும் வெட்டி எடுத்தாள், பெரிதாக்கினாள், சுற்றி ஒரு வெள்ளை வளையம், மேலே 'காணவில்லை' என்று கொட்டை எழுத்து, கீழே போன் நம்பர். அவள் விரல்கள் போன வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இதாக்கா?"

பிரபா மானிட்டருக்குப் பக்கத்தில் குனிந்தாள். "இதான். இதான் என் பாப்பா" என்று சொல்லித் திரையைத் தொட்டாள். மோகனும் தலையாட்டினான். படம் பாலாவுக்குப் போயிற்று, அங்கிருந்து படகுக்காரர்கள், கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் என்று எல்லார் போனுக்கும் போயிற்று.

அப்புறம் காத்திருந்தோம். அந்த மாதிரி ஒரு காத்திருப்பு என் எதிரிக்கும் வரக் கூடாது. பிரபாவை உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கடல் இருக்கும் பக்கத்தையே பார்த்தாள். கட்டடங்களைத் தவிர அங்கிருந்து எதுவும் தெரியாது. எல்லாருக்கும் மனசில் ஓடியது ஒன்றுதான், ஆனால் அந்த வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. எங்கள் கடல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். காலைக் கழுவப் போனவனையே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து ஒருத்தன் சந்துக்குள் ஓடிவந்து, "அலையோரம் ஒரு கொயந்த செருப்பு கெடைச்சிகீதாம்" என்று கத்தினான். மோகன் அப்படியே பாய்ந்து ஓடினான். பிரபா வாசலிலேயே சரிந்துவிட்டாள். ஜெனி அவள் தலையை மடியில் தாங்கித் தண்ணீர் தெளித்தாள். நான் அந்தச் செய்தி கொண்டுவந்தவனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "இன்னா செருப்புன்னு பாத்தியாடா? பாக்காமலே வந்து கத்துவியா?" என்று கேட்டேன். அவன் முழித்தான். மோகன் திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அது வேறு யாருடைய செருப்போ. பெரிய பிள்ளையுடையது.

வெயில் சாயத் தொடங்கியது. இருட்டிவிட்டால் அவ்வளவுதான், வந்த வண்டியெல்லாம் கிளம்பிவிடும், எதில் யார் ஏறினார்கள் என்று தெரியாது. அப்போதுதான் பாலா வந்தான். வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, கையில் போன்.

"கலங்கரை விளக்கத்துலேர்ந்து கோயில் வரிக்கும் சலிச்சுட்டோம் ஜெனி. தனியா நிக்கற கொயந்தைங்க அங்கங்க கெடைச்சுது, எல்லாத்தையும் இந்த போட்டோவோட வச்சிப் பாத்தோம். இந்த மாரி செவப்புக் கொயந்த ஒண்ணுகூட இல்ல. எல்லாம் நம்ம கலருதான். ரோஸ் பாவாடையும் இல்ல."

"ரோஸா?" என்றாள் பிரபா. தரையிலிருந்து எழுந்தாள். "அவ போட்டுகினு இருந்தது அரக்குப் பாவாடைங்க."

ஜெனி கம்ப்யூட்டருக்குப் போய், தான் அனுப்பிய படத்தையும் போனில் இருந்து வந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நானும் பார்த்தேன். இந்தப் பக்கம் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி கறுப்பாக, நெற்றியில் எண்ணெய் வழிய, அரக்குப் பாவாடையில் ஒரு குழந்தை. அந்தப் பக்கம் பால் பவுடர் டப்பாவில் இருக்கிற மாதிரி ரோஸ் பாவாடையில் வேறொரு குழந்தை. கடையே அந்தப் படத்தைப் பார்த்தது, பெற்றவர்கள் பார்த்தார்கள், ஒருத்தர் கண்ணுக்கும் அது படவில்லை. எங்கள் கண் அந்த வெளுப்புக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

"நான்தாங்க்கா மாத்திட்டேன்" என்றாள் ஜெனி. "வழக்கமா அமுக்கற சாவிய அமுக்கிட்டேன். வேணும்னு பண்ணலக்கா, கை போயிடுச்சு. உங்க கொயந்தய நானே வேற கொயந்தயா ஆக்கிட்டேன்."

மோகன் மேஜையை ஓங்கி அடித்தான். "தொலஞ்சுபோன கொயந்தைக்கு மேக்கப்பா போடுவ நீ? இவ்ளோ நேரம் போச்சே. எம்பொண்ணுக்கு இன்னாவாச்சும் ஆயிருந்தா உன்ன..." என்று கையை ஓங்கிக்கொண்டு போனான். நான் நடுவில் போய் நின்றேன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் இடத்தில் நான் இருந்தால் மானிட்டரையே உடைத்திருப்பேன். பிரபாதான் அவன் கையை இழுத்தாள். "அப்புறம் திட்டு. மொதல்ல அத போடச் சொல்லு" என்றாள்.

ஜெனி முழுப் படத்தையும் திறந்தாள். இந்தத் தடவை வெட்டவில்லை. குழந்தை மேல் வட்டத்தை இழுத்தாள். அவசரத்தில் உள்நிறத்தை எடுக்க மறந்துவிட்டாள். திரையில் குழந்தை நின்ற இடத்தில் ரத்தச் சிவப்பாக முழு வட்டம் வந்து விழுந்தது, அடியில் குழந்தையே இல்லை. பிரபா அலறிவிட்டாள். அத்தனை வருஷத்தில் ஜெனி இந்தத் தப்பைச் செய்து நான் பார்த்ததில்லை.

"ஜெனி, மெதுவா" என்றேன். திட்ட வாய் வரவில்லை. "உனக்குத் தெரிஞ்ச வேலதான். மெதுவா போடு."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்நிறத்தை எடுத்தாள். சிவப்பு கரைந்து கோடு மட்டும் நின்றது, நடுவில் குழந்தை தெரிந்தது. கோட்டைத் தடிப்பாக்கினாள், சின்ன போனிலும் கண்ணில் பட வேண்டுமே. வட்டத்துக்குள் எதையும் தொடவில்லை. எண்ணெய் முகம், கலைந்த முடி, மூக்கு ஒழுகியது, அம்மா புடவையைப் பிடித்திருந்த கை, எல்லாம் காமிரா பார்த்தபடியே இருந்தது. 'அரக்குப் பாவாடை. பேச வராது' என்று மட்டும் கீழே எழுதினாள். அனுப்புவதற்கு முன் பிரபாவைக் கூப்பிட்டாள்.

"இப்ப நல்லாப் பாருங்கக்கா. கண்ண மூடிகினு ஆமான்னு சொல்லாதீங்க. இவதானா?"

பிரபா இந்தத் தடவை திரையைத் தொடவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். "இவதான்" என்றாள்.

படம் போனது. நான் மெஷினில் பாதி ஓடிக்கொண்டிருந்த டோர்னமென்ட் பேனரை அப்படியே நிறுத்திக் கிழித்துப் போட்டுவிட்டு, இந்தப் படத்தை ஆள் உயரத்துக்கு அடித்தேன். முதலாளி கத்தினால் கத்தட்டும். மை காய்வதற்குள் பாலா அதை உருவிக்கொண்டு போய் ஒரு ஆட்டோவின் முன்னால் கட்டிவிட்டான். ஆட்டோ கூட்டத்துக்குள் மைக் போட்டுக்கொண்டு போனது.

இரண்டாவது பேனர் அடித்து முடிவதற்குள் பாலாவிடமிருந்து போன் வந்துவிட்டது. "கெடைச்சுட்டா. நல்லா கீறா. பூவாயி கடையாண்ட வாங்க."

கடையைப் பூட்டினேனா இல்லையா என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. நாங்கள் நாலு பேரும் ஓடினோம். பூவாயி கலங்கரை விளக்கத்துக்குப் போகிற வழியில் மீன் வறுத்து விற்கிறவள். அவள் கடைக்கும் பக்கத்து வளையல் கடைக்கும் நடுவில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து குழந்தை முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தது. பிரபா ஓடிப்போய் அதை அள்ளினாள். அடிக்கவில்லை, திட்டவில்லை, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். குழந்தை அவள் தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்துக்கொண்டே முறுக்கைத் தின்றது. மோகன் மணலில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். எனக்கும் அழுகை வந்தது.

பூவாயிக்கு ஒரே படபடப்பு. எல்லாரும் தன்னைத்தான் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். "நான் இன்னாய்யா பண்ணுவேன்? நான் வளையல் கடைக்காரங்க கொயந்தன்னு நெனச்சேன், அவங்க எங்க வூட்டுதுன்னு நெனச்சிகிறாங்க. உங்க ஆளுங்க ரெண்டு வாட்டி வந்து போட்டோவக் காட்டுனாங்க. நானும் இத்தப் பாத்தேன், அத்தப் பாத்தேன். அது செக்கச்செவேல்னு யாரோ பெரிய எடத்துக் கொயந்த மாரி கீது. இல்லப்பான்னு அனுப்பிட்டேன். இப்ப வந்த போட்டோவப் பாத்ததும் அடுப்ப வுட்டுட்டு ஓடியாந்தேன்."

"உங்க மேல தப்பே இல்லம்மா" என்றாள் ஜெனி.

மோகனின் போன் எங்கள் கடையில் ஒயரோடு கிடந்தது. அதை எடுக்க எல்லாரும் திரும்பி வந்தோம். குழந்தை பிரபாவின் தோளில் தூங்கிவிட்டது. கடை திறந்துதான் கிடந்தது, யாரும் எதையும் தொடவில்லை. மானிட்டரில் இரண்டு படமும் இன்னும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மோகன் போனைக் கழற்றிக்கொண்டு, ஜெனியிடம் வந்து, "கோவத்துல கை ஓங்கிட்டேன்மா, மனசுல வச்சிக்காத" என்றான். நல்ல மனுஷன்தான். பயம் தெளிந்ததும் மனசு லேசாகிவிட்டது போலிருக்கிறது, திரையைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆனா மொதல்ல போட்டியே, அது சூப்பரா வந்துகீதும்மா. வூட்டுல மாட்டிக்கறேன். அத ஒரு பிரிண்டு போட்டுக் குடேன்."

ஜெனி அவனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மவுஸின் மேல் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எத மாட்டப் போற?" என்றாள் பிரபா. குழந்தை எழுந்துவிடக் கூடாதென்று மெதுவாகத்தான் பேசினாள். "அந்தக் கொயந்தையத் தேடிகினுதான் ஊரே நம்ம பாப்பாவத் தாண்டித் தாண்டிப் போச்சு. அவங்களாவது வெளி ஆளுங்க. நான் பெத்தவ, நானும் அதப் பாத்து இதான் எம்பொண்ணுன்னு சொன்னேன். வெளுப்பா கீதுன்னு எனக்குத் தெரியாமயா இருந்துச்சு? கடல்ல போயிட்டாளோன்னு உசிரு துடிச்சிகினு இருக்கறப்போகூட, அந்தப் படத்தப் பாத்து, எவ்ளோ அழகா கீறான்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேன்."

பிரபா ஜெனியின் பக்கம் திரும்பினாள்.

"அத அழிச்சிடும்மா. நான் பாக்கணும், என் முன்னாடி அழி."

ஜெனி அழித்தாள். மோகன் குழந்தையைப் பிரபாவின் தோளிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான். அதன் முகத்தில் ஒட்டியிருந்த முறுக்குத் தூளைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டுப் படியிறங்கினான்.